தஞ்சோங் துவானுக்குப் போகும் முன் நாள்காட்டியைப் பாருங்கள்

சிலியாவ், ரந்தாவ், லுக்குட் பக்கம் தோட்டத்து டவுன்களில் இருக்கும் நமக்குக் கடல் என்றால் தெலுக் கெமாங்தான். பாய் விரிக்க மணல் இருக்கும், பிள்ளைகள் குளிக்க ஆழமில்லாத தண்ணீர் இருக்கும், சோற்றுப் பானையை இறக்கி வைக்க மர நிழல் இருக்கும். அங்கே நின்று தெற்கே பார்த்தால் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு பச்சைக் குன்று தெரியும். அதுதான் தஞ்சோங் துவான். போர்ட்டிக்சன் டவுனிலிருந்து பத்துக் கட்டை, அதாவது 16 கிலோமீட்டர். சுற்றிலும் நெகிரி செம்பிலான் என்றாலும் அந்தக் குன்று மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம்.

இந்தக் கரையோரம் பெரும்பாலும் சேறும் சதுப்புமாக, கண்டல் காடாகத்தான் கிடக்கிறது. பாறை நேராகக் கடலில் இறங்கும் இடங்கள் குறைவு. போர்ச்சுகீசியர் இதற்கு ‘காபோ ரசாடோ’, பிளந்த முனை, என்று பெயர் வைத்தார்கள். பெருக்கு நேரத்தில் போகிறவர்களுக்கு அந்தப் பிளவு எதுவும் கண்ணில் படாது. தண்ணீர் மரத்தடி வரைக்கும் ஏறி நிற்கும். ‘இதைப் பார்க்கவா வந்தோம்’ என்று திரும்பிவிடுவார்கள். கடல் இறங்கிய பிறகுதான் குகை போன்ற இடுக்குகளும், பாறைக் குட்டைகளும், ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குப் போகும் வழியும் வெளியே வரும். எந்த நாளில், எந்த மணிக்குப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாளைக் கண்டுபிடிக்க, மளிகைக் கடையில் ஜனவரியில் கொடுக்கும் தமிழ் நாள்காட்டி போதும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்துக் கடல் அதிகம் ஏறி, அதிகம் வற்றும். பாறை நடைக்கு அந்த நாட்கள்தான் தோது. நவமி, தசமி நாட்களில் ஏறுவதும் குறைவு, வற்றுவதும் குறைவு. அன்று எந்த மணிக்குப் போனாலும் பாதிப் பாறை தண்ணீருக்குள்தான் இருக்கும்.

மணியை நாள்காட்டி சொல்லாது. அதற்கு போர்ட்டிக்சனுக்கான கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்க வேண்டும். பக்கத்திலிருக்கும் வேறு துறைமுகத்தின் அட்டவணையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நேரம் மாறும். இங்கே ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிடம். அடுத்த நாள் எல்லாம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை காலை 10 மணிக்கு வற்றம் என்றால் ஞாயிறு 10.50 என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு வாரம் தள்ளிப் போனால் அதே 10 மணிக்குக் கடல் பெருகி நிற்கக்கூடும். ‘போன வாரம் நடந்து போனோமே’ என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இதைவிட முக்கியமானது திரும்பும் நேரம். கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் உள்ள உயரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால், ஆறு மணி நேரத்தில் அது 1, 2, 3, 3, 2, 1 என்ற பங்கில் ஏறும். வித்தியாசம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் ஏறும், யாரும் கவனிக்கமாட்டார்கள். இரண்டாவது மணியில் 40. மூன்றாவது மணியில் மட்டும் 60 சென்டிமீட்டர். கணுக்காலில் இருந்த தண்ணீர் ஒரே மணி நேரத்தில் இடுப்பை நோக்கி வந்துவிடும். முதல் மணியின் அமைதியை நம்பிப் படம் எடுத்துக்கொண்டிருப்பவர்கள்தான் பாறைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கீழே இறங்குங்கள். வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள், நடுவில் பாறை நீட்டிக்கொண்டிருக்கும் எல்லா இடத்தையும் தாண்டித் திரும்பியிருக்க வேண்டும். பத்து மணி வற்றம் என்றால் 8.30க்கு இறக்கம், 11க்குள் மேலே.

நுழைவாயிலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலைதான். சுமார் ஒரு கிலோமீட்டர் ஏற்றம், நிழல் நிறைய இருக்கிறது. விளக்கத்தின் சுற்றுச்சுவருக்குள் சாதாரண நாட்களில் விடமாட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டிலேயே போர்ச்சுகீசியர் இங்கே விளக்கு வைத்தார்கள். இப்போது நிற்கும் 24 மீட்டர் கோபுரம் 1863-இல் கட்டியது. இந்த முனைக்கு எதிரே 1606 ஆகஸ்டில் டச்சுக்காரர்களும் போர்ச்சுகீசியரும் கப்பல் போர் நடத்தினார்கள். அதில் மூழ்கிய டச்சுக் கப்பலான ‘நசாவு’வின் மிச்சத்தை 1995-இல் கடலடியில் அகழ்ந்தார்கள்.

கலங்கரை விளக்கத்திலிருந்து புலாவ் இந்தான் கடற்கரைப் பக்கம் இறங்கும் காட்டுப் பாதையில்தான் கால் வழுக்கும். மரவேர், காய்ந்த சருகு, அதன் கீழே ஈர மண். இதற்கு விலை உயர்ந்த காலணி வேண்டாம். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் போடும் ‘கம்போங் அடிடாஸ்’ ரப்பர்ச் சப்பாத்து இருந்தால் போதும், அதன் அடியிலுள்ள முட்கள் மண்ணை நன்றாகப் பிடிக்கும். காலுறை போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் உள்ளே போனால் ரப்பர் தோலை அறுத்துவிடும். ஜப்பான் சிலிப்பர் வேண்டவே வேண்டாம்.

பாறையில் நிறம் பார்த்துக் கால் வையுங்கள். மேலே கறுத்துக் காய்ந்திருக்கும் பட்டை, காய்ந்திருக்கும்வரை நம்பலாம். அதற்குக் கீழே சிப்பியும், கொட்டலசு என்ற ஓட்டு உயிரும் ஒட்டிச் சொரசொரப்பாக இருக்கும் பட்டையில் கால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கை ஊன்றினால் கத்தி மாதிரி கிழிக்கும். தோட்டத்தில் போடும் பருத்திக் கையுறை ஒரு சோடி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் கீழே பச்சைப் பாசி. எந்தச் சப்பாத்தும் அதில் நிற்காது. சிப்பி வெட்டிய காயத்தைக் கடல் நீரில் கழுவாதீர்கள். குடிக்க ஆளுக்கு ஒன்றரை லிட்டர், காயம் கழுவத் தனியாக அரை லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும்.

சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுப் போனால் குரங்கு பறித்துவிடும். இழுத்துப் போராடினால் கடிக்கும், விட்டுவிடுங்கள். ஜிப் வைத்த முதுகுப் பைதான் சரி.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மலாக்கா நீரிணையில் வண்டல் கலந்திருக்கும், பெருமழை பெய்தால் பழுப்பாகவும் மாறும். இந்தக் கரையின் அழகு நீலத்தில் இல்லை. ஈரப் பாறையின் துரு நிறமும், அதன்மேல் கவிந்து நிற்கும் காட்டின் கரும்பச்சையும், வெயில் ஏறும்போது இரண்டுக்கும் நடுவில் வெண்கலம் போல் மின்னும் கடலும் சேர்ந்ததுதான் அது. மழை விட்ட மறுநாள் காலையில் காற்று துடைத்துவிட்டது போல் இருக்கும். சில நாளில் எதிரே சுமத்திராப் பக்கத்து ரூப்பாட் தீவுகூட மெல்லிய கோடாகத் தெரியும். இடையில் சுமார் 38 கிலோமீட்டர்தான்.

அந்தக் குறுகிய தூரத்தால்தான் பருந்துகள் இங்கே வருகின்றன. பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை, குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன்பருந்துகள் வடக்கே திரும்பும். சிறகடிக்காமல் மிதக்க அவற்றுக்குச் சூடேறி எழும் காற்று வேண்டும், கடல்மேல் அது கிடைக்காது. அதனால் கடல் குறுகும் இடமாகப் பார்த்துக் கடக்கும். வரும்போது உயரம் இழந்து, சில சமயம் தலைக்கு மேல் மரக்கிளை உயரத்தில் வரும். சிறகின் வரிகளை எண்ணலாம். குன்றின் வெப்பக் காற்று கிடைத்ததும் வட்டமிட்டு ஏறிப் போய்விடும். காலை 11 மணி முதல் பிற்பகல் 3 வரை கலங்கரை விளக்கத்தருகே கடலைப் பார்த்து நில்லுங்கள். மேகம் மூடிய நாளில் வருகை குறையும். மலேசிய இயற்கைச் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் மார்ச் வாக்கில் இங்கே பருந்து பார்க்கும் நிகழ்ச்சி நடத்தி வருகிறது.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்திரா’ என்று சொல்லும் புயல்காற்று பின்னிரவிலும் காலையிலும் மேற்கிலிருந்து வரும். அடிவானத்தில் கறுத்த மேகம் சுவர் மாதிரி எழும்பிக் குளிர்ந்த காற்று அடித்தால் பாறையில் இருக்கக் கூடாது. உடனே மேலே ஏறிவிடுங்கள், உச்சியிலும் நிற்காமல் வாயிலுக்கு இறங்குங்கள், மின்னல் முதலில் தேடுவது உயரத்தைத்தான்.

மாலை வற்றம் கிடைத்தால் இன்னும் அழகு, சூரியன் கடலிலேயே இறங்கும். மார்ச் மாதத்தில் ஏழேகாலுக்குப் பிறகுதான் மறையும். ஆனால் நம் நாட்டில் அந்தி இருபது நிமிடத்துக்கு மேல் நீடிக்காது, மரத்தடியில் அதற்கும் முன்பே இருட்டிவிடும். அதனால் மறைவதைப் பாறையில் நின்று பார்க்காதீர்கள். ஆறரைக்குக் கிளம்பித் தார்ச்சாலைக்கு வந்துவிடுங்கள், மரங்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு அங்கேயும் தெரியும்.