மஞ்சள் பையில் பதினொரு பொருட்கள்

மகளின் முகப்பருவுக்காகத் தோல் டாக்டரிடம் நேரம் கேட்டுப் போன் செய்தபோது, அவருடைய உதவியாளர் ஒரு நிபந்தனை சொன்னார்: "இதுவரை பெண்ணின் முகத்தில் போட்ட எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். காலி ட்யூபாக இருந்தாலும் பரவாயில்லை." ஏதோ கல்யாணத்தில் தாம்பூலத்துக்குக் கொடுத்த மஞ்சள் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். டாக்டரின் மேசையில் எடுத்து வைத்தபோது பதினொன்று இருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இது யார் கொடுத்தது?" என்று கேட்டார். அப்பத்தா, தேவகோட்டை அத்தை, பள்ளத்தூர்ச் சித்தி, பள்ளித் தோழி, மருந்துக்கடைத் தம்பி, நான். சொல்லி முடிக்கையில் எங்கள் சொந்தபந்தத்தில் பாதி அந்த மேசையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

மகளுக்கு அப்போது 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. குழந்தையிலிருந்தே தொட்டால் சிவக்கிற தோல் அவளுக்கு. கம்பளி பட்டால் தடிக்கும், சோப்பு மாற்றினால் கன்னம் எரியும். ஜூனில் பள்ளி திறந்தபோது நெற்றியில் பொடிப்பொடியாகத் தொடங்கிய பரு, ஆடி பிறப்பதற்குள் கன்னத்துக்கும் தாடைக்கும் இறங்கிவிட்டது. அந்த வயதில் வருவதுதான். ஹார்மோன் மாற்றத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் வேகம் எடுக்கின்றன. உதிர்ந்த தோல் மயிர்க்கால் துவாரத்தை அடைக்கிறது. தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியா அந்த அடைப்புக்குள் பெருகி, இடம் சிவந்து வீங்குகிறது. இதெல்லாம் டாக்டர் பிற்பாடு விளக்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே "முகத்தில் என்ன இப்படி?" என்று கேட்டார்கள். வீட்டு முகப்பில் ஆள் சத்தம் கேட்டாலே அவள் உள்ளே இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவாள். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கேட்டவர்கள் கேட்டதோடு நிற்கவில்லை. என் மாமியார் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, காய்ந்த ரோஜா இதழ் எல்லாம் சேர்த்து அரைத்த குளியல் பொடியைக் கொடுத்தார். எவ்வளவு சலித்தாலும் அது நறநறவென்றுதான் இருக்கும். அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்கு இறங்கும் என்று அவரே கூட நின்று தேய்த்துவிட்டார். தேவகோட்டை அத்தை எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து பாட்டிலில் கொடுத்தனுப்பினார். பள்ளத்தூர்ச் சித்தி சொன்னது முட்டை வெள்ளைக்கரு. "நம் வளவுச் சுவரைப் பார். சுண்ணாம்பில் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியதுதானே? இத்தனை தலைமுறையாகக் கண்ணாடி மாதிரி இருக்கிறது." வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய அந்த வளவுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதற்கு எதிராக வாதாடுவது கஷ்டம். சுவருக்கு வியர்க்காது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

எலுமிச்சை பூசிய நாளிலேயே சைக்கிளில் டியூஷனுக்குப் போய் வந்தாள். மறுநாள் இரண்டு கன்னத்திலும் தீய்ந்தாற்போலக் கருஞ்சிவப்புத் திட்டு.  எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் தோல் வெந்து கறுக்கலாம். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பயந்துபோய் நான் செய்த காரியம்தான் எல்லாவற்றிலும் மோசம். டாக்டரைப் பார்க்காமல் மருந்துக்கடையில் போய், "பருவுக்கு நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்றேன். ஒரு ட்யூப் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் முகம் பளிங்கு மாதிரி ஆயிற்று. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, நிறம்கூட ஒரு படி வெளுத்தது. தேவகோட்டைக்குப் போன் செய்து பெருமையடித்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் ட்யூப் தீர்ந்தது. தீர்ந்த நான்காம் நாள் முகம் முழுக்கச் சிவந்து, ஒரே அளவில் அச்சுக் குத்தினாற்போலப் பருக்கள் கிளம்பின. தண்ணீர் பட்டாலே எரிகிறது என்று அழுதாள்.

மஞ்சள் பையிலிருந்த பதினொன்றில் டாக்டர் அதிக நேரம் கையில் வைத்திருந்தது அந்த ட்யூபைத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்து, "மோமெட்டசோன். இது ஸ்டீராய்டு" என்றார். அது வீக்கத்தைத் தற்காலிகமாக அமுக்கிவைக்கும். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், இரத்தக் குழாய் வெளியே தெரியும், நிறுத்தியவுடன் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இலேயே அறிவித்துவிட்டது. என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. நானும் ட்யூபைத் திருப்பிப் படிக்கவில்லை.

டாக்டர் மகளைத்தான் பார்த்துப் பேசினார், என்னை அல்ல. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, முகத்தில் முடி அதிகமாக வளர்கிறதா என்று விசாரித்தார். அப்படி ஏதும் இல்லை என்றதும், ஹார்மோன் பரிசோதனை இப்போதைக்கு வேண்டாம் என்றார். பிறகு பதினொன்றையும் பைக்குள் போட்டு என் பக்கம் தள்ளினார். முதல் ஐந்து வாரம் மூன்றே பொருள்: மணமில்லாத மென்மையான ஃபேஸ் வாஷ் (காலையும் இரவும் மட்டும்), மணமில்லாத மாய்ஸ்சரைசர், ஜெல் வகை எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். கூடவே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியவுடன் படுக்கக் கூடாது. அந்த மாத்திரை வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும் என்பதால் குடையும் கட்டாயம். எண்ணெய் வழிகிற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்டேன். தேய்த்துத் தேய்த்துத் தோலின் மேல்காப்பே போய்விட்டது, அது திரும்பாமல் எந்த மருந்தையும் இந்த முகம் தாங்காது என்றார். புதிதாக எது வாங்கினாலும் நாலைந்து நாள் தாடைக்குக் கீழே ஓர் ஓரத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்ததில் முதலில் வாங்கிய சன்ஸ்கிரீன் அரித்தது, இரண்டாவதுதான் ஒத்துக்கொண்டது.

மூன்று பொருளைப் போடுவது இரண்டு நிமிட வேலை. மற்றவற்றை நிறுத்துவதற்குத்தான் ஆயுள் போயிற்று. குளியல் பொடி வேண்டாம் என்றதும் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துப் போய்த் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எட்டு நாள் என்னிடம் காபி வேண்டுமா வேண்டாமா என்பதற்கு மேல் பேச்சில்லை. அவர் அரைத்த பொடியில் நான்கு பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் பரு வந்ததில்லை. அது உண்மையும்கூட. சித்தி போனில், "டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் நடுவில் எரிச்சல் அடங்கி, சிவப்பு பாதியாகக் குறைந்தது. அதன் பிறகே உண்மையான பரு மருந்து: அடாப்பலீன் 0.1 சதவீத ஜெல், ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில். முகம் நன்றாகக் காய்ந்த பின், முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் பட்டாணி அளவு ஜெல். பருவின் தலையில் மட்டும் வைப்பதல்ல, முகம் முழுக்க மெல்லிசாக. கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் விட்டுவிட வேண்டும். "முதல் சில வாரம் கூடியது போலத் தெரியும், பயப்படாதீர்கள். 12 வாரத்துக்கு முன்னால் என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள்" என்றார்.

பதினான்கு வயதுக்குப் பன்னிரண்டு வாரம் என்பது ஒரு யுகம். தீபாவளிக்குள் சரியாக வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் தினமும், அதுவும் தாராளமாகப் போட்டிருக்கிறாள். தீபாவளிக்கு முந்தின நாள் மூக்கைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் தோல் செதில்செதிலாக உரிந்தது. நான்கு நாள் ஜெல்லை நிறுத்தி மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டதில் அடங்கியது. ஆனால் தீபாவளி அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள், கையில் கந்தரப்பமும் சீயமும், வாயில் ஆளுக்கொரு வைத்தியம். எண்ணெய்ப் பலகாரம்தான் காரணம் என்று ஒருவர் அவள் தட்டையே இழுத்துவிட்டார். பலகாரத்து எண்ணெய் நேரே முகத்தில் வந்து வழிவதில்லை. இனிப்பையும் மைதாவையும் குறைத்தால் சிலருக்குக் குறைகிறது, பட்டினி போட்டுப் பயனில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தட்டு திரும்பி வந்தது.

அன்று விடியற்காலை எண்ணெய்க் குளியலின்போதுதான் மாமியாரிடம் வழி பிறந்தது. தலையில் வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால் அங்கே பரு வரும் என்று அவருக்கு நான் சொல்லியிருந்தேன். சொன்னபோது காதில் விழாத மாதிரி இருந்தவர், எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒரு பழைய வேட்டிக் கிழிசலையும் எடுத்து வந்து, பேத்தியின் நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "ஒரு சொட்டு இறங்காது ஆத்தா, நீ உட்கார்." சொட்டு இறங்கவில்லை. உச்சியில் வழிய வழிய வைத்துவிட்டுத் தூங்கப் போகும் பழக்கமும் அதோடு போயிற்று.

நவம்பரில் டாக்டர், காலையில் போட பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல்லையும் சேர்த்தார். உணர்ச்சி மிகுந்த தோல் என்பதால் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிட வேண்டும். இது துணியை வெளுக்கும் என்று ட்யூபிலேயே எழுதியிருந்தது. அதை மட்டும் படித்திருந்தேன், மறந்தும்விட்டேன். ஒரு ஞாயிறு காலை ஜெல்லோடு வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நான் கட்டியிருந்தது அரக்குக் கட்டம் போட்ட புதுக் கண்டாங்கி. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை; இப்போது அதில் கன்னம் போல ஒரு மங்கல் மஞ்சள் வட்டம். அதன் பிறகு தலையணை உறை, துண்டு எல்லாம் வெள்ளைதான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் 12 வாரம் நிறைந்தது. நெற்றி தெளிந்துவிட்டது. தாடையில் மாதவிலக்குக்கு முன்னால் இரண்டு மூன்று வருகிறது, ஒரு வாரத்தில் அமுங்குகிறது. கிள்ளாமல் இருக்க இன்னும் முழுதாகப் பழகவில்லை. கிள்ளிய இடங்களில் பழுப்புத் தழும்பு இருக்கிறது. அவை மறையப் பல மாதம் ஆகும், சன்ஸ்கிரீனை விட்டால் இன்னும் ஆகும் என்று டாக்டர் எச்சரித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார், அடாப்பலீன் தொடர்கிறது. பொங்கலன்று வாசலில் பால் பொங்கும்போது தானாகவே முகப்பில் வந்து நின்றாள்.

ஒரு கணக்கு மட்டும் இடித்துக்கொண்டே இருந்தது. மாய்ஸ்சரைசர் ட்யூப் ஆறு வாரம் வர வேண்டியது மூன்று வாரத்தில் தீர்ந்தது. மகளைக் கண்டித்தேன், அவள் சத்தியம் செய்தாள். போன வாரம் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது வளவில் விளக்கு எரிந்தது. மாமியார் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வெடித்த குதிகாலில் அதை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாசனையே இல்லையே இதில்" என்று குறைப்பட்டுக்கொண்டு மூடியைத் திருகினார்.