கடைசி ஆறு மாதம்: டிரெய்னியிலிருந்து சொலிசிட்டர்

லண்டனில் நடுத்தர அளவுள்ள ஒரு சட்ட நிறுவனத்தில் 'டிரெய்னிங் கான்ட்ராக்ட்' என்கிற இரண்டு வருடப் பயிற்சி வேலையை முடித்து சொலிசிட்டர் ஆனேன். சொலிசிட்டர் என்றால் பெரும்பாலும் அலுவலகத்தில் இருந்தபடி கட்சிக்காரரின் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞர். இந்த வழியில் வர நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பரீட்சையைப் பற்றித்தான். சொலிசிட்டர் ஆக எழுதும் எஸ்கியூஇ பரீட்சை கஷ்டம்தான், மறுக்கவில்லை. முதல் கட்டத்தில் இரண்டு தாள், தாளுக்கு 180 கேள்வி. இரண்டாம் கட்டத்தில் கட்சிக்காரரிடம் பேசுவது, வாதாடுவது, பத்திரம் எழுதுவது என்று 16 செய்முறைத் தேர்வுகள். ஆனால் அதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது, கோச்சிங் இருக்கிறது. என்னை ஆட்டிவைத்தது கான்ட்ராக்டின் கடைசி ஆறு மாதம்.

ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவு என்று நான்கு பிரிவுகளில் உட்கார வைப்பார்கள். அதற்கு 'சீட்' என்று பெயர். எனக்குக் கம்பெனி, வழக்கு, குடும்பம், கடைசியாகச் சொத்து. இரண்டு வருடம் முடிந்தால் வேலை தானாக நீடிக்கும் என்று நினைத்திருந்தேன். நீடிக்காது. 'என்கியூ' என்கிற புது சொலிசிட்டர் இடத்துக்கு அதே அலுவலகத்திலேயே திரும்ப விண்ணப்பித்து, இன்டர்வியூவுக்குப் போக வேண்டும்.

சொத்துப் பிரிவில் இருந்தது ஒரே ஓர் இடம். நானும் பக்கத்து மேஜைத் தோழியும் அதற்கே விண்ணப்பித்தோம். முடிவு சொல்ல வேண்டிய தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. நான் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்தேன், அதாவது வேலை தரும் நிறுவனம் ஸ்பான்சராக இருந்தால்தான் செல்லும் விசா. வேலை இல்லையென்றால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும். ராத்திரி படுத்தால் அந்த 60 தான் கண்முன் நிற்கும். அந்தத் தாமதத்தை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவரின் அடுத்த வருடம் முழுக்க ஒரு மின்னஞ்சலில் தொங்கும்போது, சொன்ன தேதியில் சொல்லிவிட வேண்டும்.

எனக்குக் கை கொடுத்தது ஒன்றுதான். மூன்றாவது சீட்டில் இருக்கும்போதே சொத்துப் பிரிவுத் தலைவரிடம் போய், "எனக்கு உங்கள் பிரிவில்தான் சேர ஆசை, நான் என்ன செய்ய வேண்டும்?" என்று நேராகக் கேட்டேன். நிறையப் பேர் நல்ல வேலை செய்தால் போதும், தானாகத் தெரியும் என்று காத்திருக்கிறார்கள். தெரியாது. வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இடம் எனக்குக் கிடைத்தது. தோழிக்கு வேறு நிறுவனத்தில் கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் சேர்ந்துதான் டீ குடித்தோம். என் வேலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அப்புறம் காகித வேலை. இரண்டு வருட வேலை அனுபவத்தை அலுவலகம் உறுதி செய்ய வேண்டும், நடத்தை பற்றிய கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுத வேண்டும், சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஸ்ஆர்ஏவுக்கு 100 பவுண்டு கட்ட வேண்டும். பெயர் சொலிசிட்டர்கள் பதிவேட்டில் ஏறும் நாள் வரை சொலிசிட்டர் என்று சொல்லிக்கொள்வது 1974 சொலிசிட்டர்ஸ் சட்டப்படி குற்றம். அதனால் அந்த நாள் காலையில்தான் மின்னஞ்சலின் அடியில் இருந்த 'டிரெய்னி'யை எடுத்தேன். ஊரில் அப்பா, "கவுன் போட்டு ஒரு போட்டோ அனுப்புப்பா" என்றார். நம் ஊரில் பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டுக் கவுனோடு படம் எடுப்பதைப் பார்த்தவர். இங்கே என் வேலை பெரும்பாலும் மேஜையில்தான் என்று சொன்னேன். லண்டன் சான்சரி லேனில், சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியின் மண்டபத்தில் விழா வரும், அப்போது அனுப்புகிறேன் என்று சமாதானம் செய்தேன்.

சொலிசிட்டர் ஆன மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, முதல் வீடு வாங்கும் ஒரு தம்பதியின் ஒப்பந்தத்தை 'எக்ஸ்சேஞ்ச்' செய்ய வேண்டியிருந்தது. அதுவரை இங்கிலாந்தில் வாங்குபவரும் விற்பவரும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். எக்ஸ்சேஞ்ச் ஆகிவிட்டால் இருவரும் கட்டுப்பட்டவர்கள். அதை இரண்டு சொலிசிட்டர்கள் போனிலேயே முடிப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் டிரெய்னிக்கு அந்த போனைத் தர மாட்டார்கள். என் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு, "நீயே பேசு" என்றார்.

எதிர்த்தரப்பு சொலிசிட்டரிடம் விலை, டெபாசிட், சாவி தரும் தேதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தேன். "ஃபார்முலா பி, சரிதானே?" "சரி." கையெழுத்திட்ட பிரதியை அவரவர் சொலிசிட்டரே வைத்துக்கொண்டு போனில் எக்ஸ்சேஞ்ச் செய்யும் முறைக்கு அந்தப் பெயர். மணி 11.42. ஒப்பந்தத்தில் தேதியை நிரப்பி, ஓரத்தில் நேரத்தையும் அவர் பெயரையும் எழுதினேன். கையெழுத்திட்ட பிரதியையும் டெபாசிட்டையும் அன்றே அனுப்பிவிடுகிறேன் என்று நான் வாயால் சொன்னது ஓர் 'அண்டர்டேக்கிங்', சொலிசிட்டரைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி. தவறினால் என் மேலேயே நடவடிக்கை வரும். இரண்டு வருடம் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் அடியில் வேறொருவர் நின்றார்.

வீடு வாங்கும் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். "அப்போ வீடு எங்களுக்குத்தானா?" என்றார். "சாவி இன்னும் வரவில்லை. ஆனால் இனி அவர்கள் பின்வாங்க முடியாது" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் கணவரைக் கூப்பிடும் குரல் கேட்டது.

டெபாசிட் போய்ச் சேர்ந்ததை அக்கவுண்ட்ஸில் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். ஒப்பந்தக் கவரைத் தபால் தட்டில் போடாமல் நானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.