கையெழுத்துக்கு முன்

பிப்ரவரி 11
அண்ணன் போன். நம்ம நிலத்தைச் சுரங்கத்துக்குக் கேட்டு புரோக்கர் மறுபடி வந்தாராம். "யோசிச்சிட்டியா?" இல்லை.

பிப்ரவரி 12
சாயங்காலம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அம்மா சாப்பிடவில்லை.

பிப்ரவரி 14
கொல்லை வரப்பில் கல்லாகிப்போன ஒரு சிப்பி கிடைத்தது. படித்தவர்கள் கிரைபியா என்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிறது, ஆனால் கனம். கீழ் ஓடு வளைந்து தடித்திருக்கிறது, வளர்ந்த கோடுகள் ஏடு ஏடாகத் தெரிகின்றன. மேல் ஓடு தட்டை. இரண்டும் இன்னும் பூட்டியபடியே இருக்கின்றன. வயது சுமார் 7 கோடி வருஷம். அப்போது இங்கே கடல். அது இப்போது கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

அரியலூர் பக்கத்துக் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் அடுக்கடுக்காக இதேதான், சிப்பி மேல் சிப்பி. அதைத்தான் சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள். சூளைக்குள் போனபின் ஓடு வேறு, கல் வேறு என்று ஏது? ஏக்கருக்கு இவ்வளவு என்று அண்ணன் பேசுவது இந்த ஓடுகளுக்கான விலைதான். தெரிந்தாலும் பேசுவான். கடன் அவன் கழுத்தில்.

பிப்ரவரி 15
தூக்கம் இல்லை. டிப்பர் லாரி, டிப்பர் லாரி.

பிப்ரவரி 17
வீட்டில் இருந்தால் சண்டை வரும், பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக்குப் போய்விட்டேன். மழை அரித்த மேடும் பள்ளமும், புல்பூண்டு அபூர்வம். களிமண் வெடிப்புகளில் ஜிப்சம் கண்ணாடிச் சில்லுபோல மினுங்குகிறது. அங்கே திரிந்த பையன்கள் ஓர் உருண்டைக் கல்லைக் காட்டி, "டைனோசர் முட்டைண்ணே!" என்றார்கள். 2020இல் குன்னத்தில் கிளம்பிய அதே கதை. கடலடிச் சேறு உருண்டையாக இறுகிய கல் என்று நிபுணர்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள். யார் கேட்டது? எல்லாருக்கும் முட்டைதான் வேண்டும். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல்பிராணி அம்மோனைட், கணவாய் மீனுக்கு உறவுக்காரன், அவனைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை.

பிப்ரவரி 18
அம்மா கேட்டாள்: "வித்தா குழிய மூடுவாங்களாடா?"

பிப்ரவரி 20
நிலவியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளைப் பற்றிய அறிக்கையை 1862இல் வெளியிட்டார். பிறகு ஸ்டோலிச்கா என்ற இன்னொரு ஆய்வாளர் இங்கே கிடைத்த ஓடுகளை இனம் இனமாகப் பிரித்துப் பெயர் வைத்தார். அத்தனை பெயர் வாங்கிய மண்ணுக்கு இப்போது சர்வே எண் மட்டும் போதும். அதுவும் பட்டாவில் தாத்தா பேரில் இருக்கிறது, அது ஒரு தனி ரோதனை.

பிப்ரவரி 21
அண்ணனிடம் சிப்பியைக் காட்டினேன். கையில் வாங்கவில்லை. "இதுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 22
பத்திர ஆபீசில் டோக்கன் போட்டாயிற்றாம். என்னைக் கேட்கவில்லை.

பிப்ரவரி 24
பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறான். ஆதார் ஒரிஜினல் வேண்டுமாம். பீரோவில் இல்லை. அம்மா எடுத்து வைத்திருப்பாளோ என்று