ஸ்டோ தோட்டத்து கோதிக் டெம்பிள்: அட்டை மாடல், இதுவரை

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் இருக்கும் ஸ்டோ தோட்டத்து கோதிக் டெம்பிளை மவுண்ட் போர்டில் செய்துகொண்டிருக்கிறேன். சுவர்கள் நின்றுவிட்டன, உள்ளே குவிமாடமும் உட்கார்ந்துவிட்டது. உயரமான கோபுரத்தின் உச்சி மட்டும் பாக்கி.

கோதிக் என்பது கூர் வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி. பெயர்தான் டெம்பிள்; வழிபாட்டுக்காகக் கட்டியது இல்லை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே செல்வந்தர்கள் தோட்டத்தில் உலாவும்போது கண்ணில் படவும் சற்று உட்காரவும் இப்படிக் கட்டடங்களை எழுப்புவார்கள். இதை 1741இல் ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்தார், 1748 வாக்கில் முடிந்தது. தரைத்தளம் முக்கோணம். மூலைக்கொரு ஐங்கோணக் கோபுரம். அதில் ஒன்று மட்டும் கட்டடத்தைவிட இரண்டு மாடி உயர்ந்து போகும். மற்ற இரண்டின் தலையில் சின்ன லாந்தர் கூடு, அதாவது விளக்குக் கூண்டு போன்ற மாடம்.

என்னை இழுத்தது அந்த முக்கோணம்தான். சதுரக் கட்டடத்தில் முன்பக்கம், பின்பக்கம் என்று இருக்கும். இதில் ஒரு சுவருக்கு நேரே நின்றால் இரண்டு கோபுரம் முன்னால், ஒன்று பின்னால்; நாலு அடி நகர்ந்தால் ஆளே மாறிப்போகும். தோட்டத்தில் நடப்பவருக்காகவே யோசித்த வடிவம் என்பது மாடலைக் கையில் திருப்பிப் பார்க்கும்போது நன்றாகப் புரிகிறது.

அளவு 1:100. நேராக எடுத்த படங்களில் கதவின் உயரத்தை அடிப்படையாக வைத்து மற்றதைக் கணக்கிட்டேன். முக்கோணத்தின் மூலை 60 டிகிரி, ஐங்கோணத்தின் உள்கோணம் 108. இரண்டும் லேசில் ஒத்துப்போகாது. அதனால் கோபுரங்களைத் தனியாகச் செய்து, சுவர்களை அவற்றில் வந்து முட்டும்படி விட்டேன். ஒவ்வொரு கோபுரமும் ஒரே அட்டைப் பட்டை. வெளிப்பக்கம் பாதி ஆழத்துக்குக் கட்டரால் கீறி, ஒவ்வொரு மடிப்பையும் 72 டிகிரி திருப்பினால் ஐந்தாவது பக்கம் தானாக வந்து மூடிக்கொள்கிறது. மடிப்புக்குள் ஃபெவிகால் விட்டு, ரப்பர் பேண்டு போட்டு இரவு முழுக்க விடவேண்டும். அவசரப்பட்டால் விளிம்பு பிளந்துகொள்ளும்.

கூர் வளைவு ஜன்னல்களை வரைவது பெரிய சுகம். ஜன்னல் அகலத்தையே ஆரமாக வைத்து, வளைவு தொடங்கும் இரண்டு புள்ளிகளிலும் காம்பஸ் முனையை ஊன்றி இரண்டு வில் போட்டால், நடுவில் கூராகச் சந்திக்கும். அந்த முனையில்தான் பிளேடு வழுக்கும். ஆகவே வெட்டை உச்சியில் தொடங்கிக் கீழே இறக்குவதே நல்லது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் புது பிளேடு போடத் தயங்கவேண்டாம்.

அப்புறம் நிறம். ஸ்டோவில் மற்ற கட்டடங்கள் வெளிர் மஞ்சள் சுண்ணாம்புக்கல். இது ஒன்றுதான் அயர்ன்ஸ்டோன் என்னும் இரும்பு கலந்த கல், துருப்பிடித்த பழுப்பு. யெல்லோ ஓக்கரில் பர்ன்ட் சியன்னா கலந்து அடித்தேன். ஒரே நிறமாக அடித்தால் பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. காய்ந்ததும் கல் வரிசை கீறி, அங்கங்கே சில கற்களுக்கு மட்டும் சியன்னாவைக் கூட்டினேன். உடனே சுவருக்கு வயது வந்துவிட்டது.

கிப்ஸ் ரோமில் படித்தவர். லண்டனில் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ் தேவாலயம் அவர் கட்டியது. நம் சென்னை எழும்பூரின் கிர்க் தேவாலயத்துக்கு அதுதான் முன்மாதிரி. அப்படிப்பட்டவரிடம் ஸ்டோவின் சொந்தக்காரர் கோப்ஹாம் பிரபு கோதிக் கேட்டதற்குக் காரணம் அரசியல். அவர் சார்ந்த விக் கட்சிக்காரர்களுக்கு சாக்ஸன் என்னும் பழைய ஆங்கிலேய இனம், கோதிக் எல்லாம் பழைய ஆங்கிலேயச் சுதந்திரத்தின் அடையாளம். கட்டடத்தை முன்னோரின் சுதந்திரத்துக்கே அர்ப்பணித்தார். கதவுக்கு மேலே ஒரு பிரெஞ்சு நாடக வரி: நான் ரோமானியன் இல்லை, அதற்காகத் தெய்வங்களுக்கு நன்றி. ஆனால் கூர் வளைவுகளையும் மதில் பற்களையும் ஒட்டுவதற்கு முன் என் மாடலைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது முழுக்க ரோமானிய ஒழுங்கு: முக்கோணம், ஐங்கோணம், வட்டம். கோதிக் மேலே போர்த்திய ஆடை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒழுங்கு இருப்பதால்தான் இவ்வளவு அலங்காரத்தையும் கட்டடம் தாங்குகிறது.

உள்ளே அறைகள் எல்லாமே வட்டம். நடுக்கூடம் இரண்டு மாடி உயரம், மாடியில் சுற்றி வர ஒரு கேலரி. கூடத்து வட்டத்தை 18 செ.மீ. பக்கமுள்ள முக்கோணத்துக்குள் வரைந்தால் ஆரம் 5.2 செ.மீ.தான் தேறும், அதில் சுவர்த் தடிமனையும் கழிக்கவேண்டும். ஆழமில்லாத குவிமாடத்தை ஒரு குழிக்கரண்டியின் முதுகில் காகிதக் கூழ் பூசி எடுத்தேன். நிஜத்தில் அங்கே மொசைக் போன்ற ஓவியத்தின் நடுவே ஏழு சாக்ஸன் அரசுகளின் கேடயங்கள் உண்டு. பொன்நிறத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து, ஏழு கேடயங்களையும் மூன்று சைபர் (000) என்னும் மிக மெல்லிய பிரஷ்ஷில் தீட்டினேன். இப்போது பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் இதை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. அந்தக் கூரைக்குக் கீழே தங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மாடலில் கூரையைக் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறேன், இல்லாவிட்டால் கேடயங்களைப் பார்க்க முடியாது. அடுத்து உயரக் கோபுரத்தின் உச்சித் தூண்முனைகள்: பல்குச்சியை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி, அடியில் சின்ன அட்டைச் சதுரம் கொடுக்கப்போகிறேன். லாந்தர் கூடுகளுக்கு மட்டும் மெல்லிய பித்தளைக் கம்பி எடுத்து வைத்திருக்கிறேன். அவ்வளவு சின்ன அளவில் அட்டை நிற்காது.