கிதாரிலிருந்து சிதாருக்கு

மேற்கத்திய ஸ்வரமான ஸி-யை (C) ஷட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமான ‘ஸ’வாக, வைத்துக்கொண்டு ஹிந்துஸ்தானி யமன் ராகத்தின் ஏழு ஸ்வரங்களையும் மேற்கத்திய முறையில் எழுதினால், தாளில் நிற்பவை ஜி மேஜர் ஸ்கேலின் அதே ஏழு ஸ்வரங்கள்தாம். மேஜர், மைனர் என்றே பழகிய காது இதைக் கேட்ட மாத்திரத்தில் பஞ்சமத்தை, அதாவது ‘ப’வாக நிற்கும் ஜி-யை, ஆதார ஸ்வரமாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. மேற்கத்திய செவ்வியல் கிதாரை முறையாகப் பயின்ற பிறகு சிதாருக்கு வந்த எனக்கு, விரல் வலியைவிடவும், சிதாரின் அடிக்குடமான தும்பாவை இடது பாதத்தின் மேல் இருத்தி வாத்தியத்தைச் சாயாமல் பிடிப்பதைவிடவும் கடினமாக இருந்தது இதுதான்.

யமன் நமக்கு அந்நியமான ராகமன்று. கர்நாடக இசையில் கல்யாணிக்கு உரிய அதே ஸ்வரங்கள்தாம் அதற்கும். தம்பூரா ஷட்ஜத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, வாசிப்பவர் அதைத் தொடாமல் நி ரி க என்று ஏறிச் செல்வது யமனின் தனி அழகு. தொடாத அந்த ஷட்ஜம் காதில் அசையாமல் நின்றால்தான் ‘க’ என்னும் காந்தாரம் இளைப்பாறும் இடமாகத் தெரியும். என் மனமோ ஒவ்வொரு ஸ்வரப் பிடிக்கும் அடியில் ஒரு கார்டை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) வைத்து, அது அடுத்து எந்தக் கார்டுக்குப் போகும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். ஆசிரியர் சிதாரைக் கீழே வைக்கச் சொல்லி, தம்பூராவோடு அந்த மூன்று ஸ்வரங்களை மட்டும் நெடுநேரம் பாடவைத்தார். பாடப் பாடத்தான் கார்டுகள் விலகின.

காந்தாரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிதாரில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் சம இடைவெளியில் அமைந்திருப்பதால், காந்தாரத்துக்கு நிகரான அதன் மேஜர் தேர்ட், ஷட்ஜத்தோடு இயல்பாக இழையும் காந்தாரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்து ஒலிக்கும். ஓர் அரைச்சுரம் 100 சென்ட். எண்ணாகப் பார்த்தால் சிறியதுதான். ஆனால் சிதாரின் வளைந்த மெட்டுகள் (ஃப்ரெட்டுகள்) நூலால் கட்டப்பட்டவை, நகர்த்தக்கூடியவை. காந்தார மெட்டைத் தலைப்பக்கமாகச் சற்றே தள்ளி, அதற்கான தரப் தந்தியையும் (மீட்டாமலே ஒத்ததிர்வில் ஒலிக்கும் துணைத் தந்தி) அதே அளவுக்கு இறக்கி மீட்டியபோது, யாரும் தொடாத அந்தத் தந்தி தானே அதிர்ந்து பாடியது. கிதாரில் பிழையென்று ஒருபோதும் தோன்றாத ஒரு ஸ்வரம் அன்றுமுதல் எனக்குக் கூர்மையாகக் கேட்கிறது.

மீண்டும் காதின் வேலையே. கிதாரில் நான்கு விரல்களைக் கொண்டு ஸ்வரத்துக்கு ஒரு மெட்டைத் தேடி அழுத்துவோம். சிதாரில் பெரும்பாலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டுமே, சிறிது எண்ணெய் தொட்டுக்கொண்டு, ஒரே மெட்டில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து நான்கைந்து ஸ்வரங்கள் வரை எடுக்கின்றன. போய்ச் சேர வேண்டிய ஸ்வரம் மனத்தில் முன்கூட்டியே ஒலிக்காவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதை விரல் அறியாது.

தாள விஷயத்தில் எழுத்துப் பழக்கமே குறுக்கே வந்தது. 1960களின் நடுவில் பாரிஸில் ஒரு திரைப்படத்துக்காக ரவிசங்கரின் இசையை மேற்கத்தியக் கலைஞர்கள் வாசிப்பதற்கேற்ப எழுதித் தந்த அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ், தாளச் சுற்றைப் பிரிக்கத் தாம் போட்ட பார் கோடுகளே வேண்டாத இடங்களில் அழுத்தத்தை உண்டாக்கியதையும், தபலா மேதை அல்லா ரக்கா அதைத் திரும்பத் திரும்ப மறுத்ததையும், கோடுகளை அழித்த பிறகே இசை சரிப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். மஸீத்கானி கத் என்னும் மெதுவான சிதார் உருப்படியைக் கற்கும்போது அதன் பொருள் எனக்கு விளங்கியது. 16 மாத்திரை (தாள எண்ணிக்கை) கொண்ட தீன்தால் என்னும் தாளத்தில் இந்த கத்தின் எடுப்பு 12ஆவது மாத்திரையில். ‘திரி தா திரி தா ரா’ என்ற ஐந்து மாத்திரைகளைக் கடந்து, அடுத்த ‘தா’வில் சமத்தை, அதாவது சுற்றின் முதல் மாத்திரையை, அடைகிறது. கோடு போட்டு எழுதினால் அந்த ஐந்தும் வெறும் முன்னொட்டாகச் சுருங்கி, முதல் மாத்திரையிலிருந்துதான் இசை தொடங்குகிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஆகவே இப்போதெல்லாம் புதிய கத் எதையும் நான் எழுதிக்கொள்வதில்லை. கையால் தாளம் போட்டு, ‘தா’, ‘ரா’ போன்ற மீட்டுச் சொற்களான போல்களை வாயால் சொல்லி, சமம் பிசகாமல் வந்த பிறகே மீட்டும் கம்பி வளையமான மிஸ்ராபை விரலில் மாட்டுகிறேன்.