மச்சினனும் மியாட்டாவும் நடுவுல என் பெஞ்ச் வைஸும்

பழைய ஜப்பான் ரோடு சைக்கிள் வாங்குறவங்கள்ல ரெண்டு கட்சி இருக்கு. ஃபேக்டரில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும், கேபிள் உறை கலர் கூட மாறக்கூடாதுன்னு நிக்குறது ஒண்ணு. கியரெல்லாம் கழட்டி வீசு, பின்னாடி ஒத்தைப் பல்சக்கரம் போடு, அதுதான் ஸ்டைலுன்னு நிக்குறது இன்னொண்ணு. நான் முதல் கட்சி, என் மச்சினன் ரெண்டாவது. வண்டி அவனோடது, சாமானை இறுக்கிப் பிடிக்கிற பெஞ்ச் வைஸ் என்னோடது, அதனால சண்டை எங்க வீட்டுல.

வண்டி 80கள் ஆரம்பத்துல வந்த மியாட்டா. இந்தக் கம்பெனி மொதல்ல துப்பாக்கி செஞ்சிட்டு இருந்து 1890 வாக்குல சைக்கிளுக்கு வந்ததுன்னு நான் பெருமையா சொல்லிட்டு இருக்கேன், அம்மா எட்டிப் பாத்துட்டு "அதான் வந்ததுல இருந்து வீட்டுல யுத்தமா இருக்கு"ன்னுட்டுப் போயிருச்சு.

நான் விடல. இந்த மாதிரி பிரேம் இனிமே வராதுடா, 1985ல பிளாசா ஒப்பந்தம்னு ஒண்ணு போட்டாங்க, யென் மதிப்பு சர்ருனு ஏறிருச்சு, ஜப்பான்ல செஞ்சு வெளிநாட்டுக்கு விக்கிற சைக்கிள் எல்லாம் கட்டுப்படியாகாம ஆர்டரெல்லாம் தைவானுக்குப் போயிருச்சுன்னு வரலாறு எடுத்தேன். பின்னாடி தொங்குற, செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் மாத்துற சன்டூர் கம்பெனி டீரெய்லரைக் காட்டி, இதைப் பாரு, 1964ல கண்டுபிடிச்சது, சாய்வா இருக்கறதால பல்சக்கரம் பெருசு சிறுசுன்னு மாற மாற இதுவும் கூடவே ஏறி இறங்கும், பேட்டன்ட் முடிஞ்சதும் போட்டிக் கம்பெனி ஷிமானோ இதை எடுத்து க்ளிக் க்ளிக்னு விழுற ஷிஃப்டிங்கோட சேத்து அடிச்ச அடியில சன்டூரே எழுந்திரிக்கலடான்னு கண்ணு கலங்குற அளவுக்குச் சொன்னேன். அவன் பொறுமையா கேட்டான். "செம மாமா. இப்ப அதைக் கழட்டிருவோம்"னான்.

கழட்டுறது அவ்ளோ லேசா? அந்த டீரெய்லர்ல இருக்கற பிளஸ் ஸ்க்ரூ பாக்கத்தான் நம்ம ஸ்க்ரூ, அது ஜப்பானோட ஜிஸ் அளவு, வழக்கமான ஸ்க்ரூடிரைவர் வச்சு அழுத்தித் திருப்பினா வழுக்கி வெளிய வந்து தலையைத் தின்னுரும். அதுக்குத் தனி ஸ்க்ரூடிரைவர். பின்னாடி பல்சக்கரக் கொத்தான ஃப்ரீவீலைக் கழட்ட சன்டூரோட ரெண்டு காது வச்ச ரிமூவர், அதுவும் வழுக்கும், ஆக்சில் நட்டைப் போட்டுப் பிடிச்சு வைஸ்ல கடிக்க வச்சு வீலையே ஸ்டியரிங் மாதிரி திருப்பணும். பெடல் மாட்டுற கை, அதான் கிராங்க், அதை இழுத்தெடுக்க ஒரு புல்லர். இதெல்லாம் யாரு டூல்னு கேக்கறீங்களா, வைஸ் யாரோடதோ அவரோடது.

அடுத்து கிராங்க் சுத்துற நடு அச்சு. வலது பக்க கப்புக்கு இடது மறை, நம்ம பழக்கத்துக்குக் கழட்டுற பக்கம் திருப்பினா இன்னும் இறுகும். மச்சினன் அதுமேல தொங்கிட்டு இருந்தான், நான் "எதிர்ப்பக்கம்டா, மறை எதிர்ப்பக்கம்"னு கத்த, உள்ள இருந்து அம்மா "ரெண்டு பேருக்கும் மறை கழண்டு ரொம்ப நாளாச்சு"ங்குது.

ஆனா நிஜ வில்லன் சீட் போஸ்ட்தான். பிரேம் ஸ்டீலு, போஸ்ட் அலுமினியம், வருஷக்கணக்கா வேர்வையும் மழைத்தண்ணியும் உள்ள இறங்கி, ரெண்டு உலோகமும் வினை புரிஞ்சு, வெள்ளை வெள்ளையா பொரிஞ்சு ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிச்சு. துரு இளக்குற ஆயிலை ஊத்தி ஊத்தி ராத்திரியெல்லாம் ஊற விட்டாச்சு, அசையல. கடைசில சீட்டைக் கழட்டி, வண்டியைத் தலைகீழாக்கி, போஸ்ட்டோட தலையை வைஸ்ல இறுக்கி, மொத்த பிரேமையும் ஸ்பேனரா நெனச்சு ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு சுத்தினோம். செக்கு மாடு மாதிரி. கிரீச்சுனு ஒரு சத்தம் பாருங்க, தெருநாய் எல்லாம் பதில் சொல்லுச்சு. வந்துருச்சு. இனிமே போடறப்ப கிரீஸ் தடவிப் போடுறேன்னு அவனை சத்தியம் பண்ண வச்சேன்.

டயர் கதையை சுருக்கமா சொல்றேன். பழைய ரிம் 27 இஞ்ச், டயர் உக்கார்ற விட்டம் 630 மில்லி. அவன் வாங்கிட்டு வந்தது 700சி, அது 622. "எட்டு மில்லிதான மாமா, இழுத்தா ஏறிரும்"னு டயர் லீவரை ஒண்ணொண்ணா உடைச்சான். ஏறல, மாத்திட்டு வந்தான்.

ஒத்தை கியரும் போட்டாச்சு. பழைய பிரேம்ல பின் வீல் மாட்டுற வெட்டு படுக்கைவாக்குல நீளமா இருக்கும், வீலைப் பின்னாடி இழுத்தாலே செயின் டைட் ஆயிரும், தனி டென்ஷனர் வேண்டாம், அந்த விஷயத்துல மட்டும் அவன் கட்சிக்கு நான் ஓட்டு போட்டுட்டேன். பின்னாடி 16 பல்லு. முன்னாடி 52, 42ன்னு ரெண்டு சக்கரம், 42ல போடுடான்னா, "பெருசுதான் மாமா கெத்து"ன்னு 52ல மாட்டினான். அது ஒரு மிதிக்கு சுமார் ஏழு மீட்டர் போற கியரு, சமதளத்துல ராஜா, மேட்டுல முட்டி சொல்லும் கதையை.

கெளம்பினவன் சைக்கிளைத் தள்ளிட்டுத்தான் வந்தான். கேட்டா எதிர்க்காத்தாம். அடுத்த நாளும் எதிர்க்காத்து. போறப்பவும் எதிர்க்காத்து வர்றப்பவும் எதிர்க்காத்து அடிக்கிற ஊரு உலகத்துல எங்க இருக்குன்னு அம்மா கேட்டுச்சு, பதில் இல்ல.

அவன் தூங்கினப்புறம் செயினை 42க்கு எறக்கி, நாலு கண்ணி குறைச்சு, மிச்சத் தொய்வை வீலைப் பின்னாடி இழுத்து சரி பண்ணி வச்சுட்டேன், ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.

காலைல மேடேறி எறங்கி சிரிச்சுட்டே வந்தான். "பாத்தீங்களா மாமா, நான்தான் சொன்னேன்ல, செயினுக்கு எண்ணெய் போட்டா போதும்னு."