'எனினும்' என்ற சொல்லோடு இரண்டு வாரங்கள்

மார்ச் 3

ஆறு பக்க மொழிபெயர்ப்பின் முதல் பத்தியிலேயே இன்று காலைப்பொழுது முழுவதும் கழிந்தது. 'எனினும்' என்று எழுதியிருந்ததை 'ஆயினும்' என மாற்றி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, ஓசை இடிக்கிறதென்று 'இருப்பினும்' ஆக்கி, சற்று நடந்துவிட்டு வந்து மீண்டும் 'எனினும்' என்றே வைத்தேன். இதற்கு நாற்பது நிமிடங்கள். இதைத்தான் இத்தனை ஆண்டுகளாகக் கவனம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

மார்ச் 4

ஒரு வரியும் எழுதவில்லை. மேசையைத் துடைத்து அடுக்கினேன். அது மட்டும் குறையில்லாமல் முடிந்தது.

மார்ச் 6

பூரணத்துவ வேட்கையை உளவியலாளர்களான பால் ஹெவிட்டும் கோர்டன் ஃபிளெட்டும் 1991இல் மூன்றாகப் பகுத்தார்கள்: தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் அதை எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. என்னுடையது முதல் வகை என்று சற்றுப் பெருமையோடுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த நாற்பது நிமிடங்களும் என் மனக்கண்ணில் நின்றது, முன்பு என் பிரதிகளைத் திருத்திய ஒருவரின் உயர்ந்த புருவம். அவர் இதைப் படிக்கப்போவதே இல்லை.

மார்ச் 9

இருபத்தைந்து நிமிடங்களுக்குக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, எழுதியதை அழிப்பதில்லை, ஐயம் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டுவிட்டு மேலே செல்வது என்று விதி வகுத்துக்கொண்டேன். கை பரபரத்தது, இரண்டு முறை விதியை மீறினேன். ஆயினும் ஐந்து சுற்றுகளில் மீதமிருந்த பக்கங்கள் அனைத்தும் கரடுமுரடாக முடிந்துவிட்டன. மொத்தம் 19 நட்சத்திரங்கள்.

மார்ச் 10

அந்தப் பத்தொன்பதில் பதின்மூன்று இடங்களில் எதையும் மாற்றத் தேவைப்படவில்லை. ஆறில் ஒரு சொல் மாறியது. உண்மையான பிழை நட்சத்திரமே இல்லாத ஐந்தாம் பக்கத்தில் இருந்தது: 15,000 என்று இருக்க வேண்டிய எண்ணை 1,500 என்று எழுதியிருந்தேன். முதல் பத்தியையே மெருகேற்றிக்கொண்டிருந்திருந்தால், கடைசி நேர அவசரத்தில் அது அப்படியே அச்சுக்குப் போயிருக்கும்.

மார்ச் 12

ஆகச் சிறந்ததைத் தேடி அலையாமல், போதுமானது எது என்பதற்கு ஓர் அளவுகோல் வைத்து, அது நிறைவேறியதும் தேடலை நிறுத்துவதைப் பற்றிப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956இல் எழுதியிருக்கிறார். வேலை முடிந்தபின் அளவுகோலைத் தேடினால் அது நீண்டுகொண்டேதான் போகும் என்பதால், பொருள் பிறழாமை, எண்களும் பெயர்களும் சரியாக இருத்தல், ஒருமுறை உரக்கப் படித்தல் ஆகிய மூன்றை மட்டும் முன்கூட்டியே தாளில் எழுதி ஒட்டினேன். மூன்றும் முடிந்ததும் பிரதியை அனுப்பிவிட்டேன். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மார்ச் 17

திருத்தங்களுடன் பிரதி திரும்பி வந்தது. முதல் பத்தியில் 'எனினும்' அடிக்கப்பட்டு, 'ஆனால்' என்று ஆகியிருக்கிறது. அதையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திருத்தத்தை ஏற்று, அடுத்த கோப்பைத் திறந்தேன்.